ஆசிரியருக்குக் கடிதம்: அடித்தண்ணீரை யார் அளந்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் இதழில் வந்த, கழிமுக (ஆறு கடலில் கலக்கும் இடம்) நீரின் தரம் பற்றிய கட்டுரையில், நீரின் நிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் 'கணினி மாதிரியே உறுதி செய்துவிட்டதால் இனிக் கவலையில்லை' என்று ஒரு வரி. கட்டுரையாளரின் நிம்மதியைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

படகில் போய்த் தண்ணீர் எடுத்து வந்து ஆய்வகத்தில் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. கழிமுகத்தில் ஆற்றுநீர் மேலே நிற்கும், கனமான கடல்நீர் அடியில் நுழையும். மேல்தண்ணீரை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் அடியிலிருந்து எடுத்த பாட்டிலைத் திறந்தால் சில நாள் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் மீன் தங்காது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆழம் முழுவதற்கும் ஒரே சராசரி போடும் மாதிரியில் மேல்பாதியின் 7-உம் அடிப்பாதியின் 1-உம் சேர்ந்து 4 ஆகிவிடும். வண்ணப்படத்தில் 'நல்ல நீர்' என்று பச்சை அடித்துவிடலாம்!

எண்கள் வந்த கதையையும் கேளுங்கள். பாசி மிகுந்த நீரில் விடியலுக்கு முன்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். எங்கள் படகு கிளம்பியதோ வெயில் ஏறிய பிறகு. இருட்டில் போனால் படி கிடையாது என்றது அலுவலகம். அப்புறம் அதே எண்களை வைத்து மாதிரியைச் சரிக்கட்டி, அதே எண்களோடு ஒப்பிட்டு, 'அச்சு அசலாகப் பொருந்துகிறது' என்று அறிக்கை வரும். தேர்வு எழுதியவனே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வதுதானே இது?

முன்பு ஒருமுறை, கழிவு கலந்த ஆற்றில் ஆக்சிஜன் எப்படிக் குறையும் என்று கணக்கிட, ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றுக்காக வகுத்த சமன்பாட்டை அப்படியே கழிமுகத்துக்குப் பொருத்திப் போட்டிருந்தீர்கள். ஆறு ஒரே பக்கம் ஓடும். கழிமுகத்தில் கடல் ஓதம் ஏறும்போது, வெளியே போன கழிவில் ஒரு பங்கு திரும்ப உள்ளே வருமே! அதை அன்றே எழுதினேன். கடிதத்துக்கு இடமில்லை போலும். அந்தப் பக்கத்தில் அரைப்பக்க விளம்பரம் தாராளமாக உட்கார்ந்திருந்தது.

மாதிரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 2010-இல், பாசியைப் பெருக்கும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உச்சவரம்பு வைத்தபோது மாதிரிகளைத்தான் நம்பினார்கள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் 1984 முதல் விடாமல் அளந்த எண்கள் இருந்தன. நம் கட்டுரையாளருக்கு வண்ணப்படம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி இப்படிப் படம் போடும்போது எத்தனை இடத்தில், எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் அளந்தது என்று கீழே ஒரு வரி சேருங்கள். பொடி எழுத்தானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்