தூக்கினால் பழகிவிடுமா?

ஆசிரியருக்கு,

"தூக்கிப் பழக்காதையுங்கோ, பிறகு இறக்கேலாது." பிள்ளை பிறந்த வீடுகளில் இன்றும் கேட்கும் புத்திமதி இது. முதல் மூன்று மாதத்துப் பிள்ளை தூக்குவதால் கெட்டுப்போவதில்லை. 1986இல் கனடாவின் மொன்றியலில் நடந்த ஆய்வில், அழும்போது மட்டுமல்லாமல் அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள், ஆறாவது வாரத்தில் மற்றப் பிள்ளைகளைவிட 43 வீதம் குறைவாக அழுதன. அழுதபின் தூக்குவதும் அழமுன்னமே தூக்குவதும் ஒன்றல்ல.

பசித்த பிள்ளை உடனே அழாது. வாயைத் திறந்து தலையைப் பக்கம் பக்கமாகத் திருப்பும், கைமுட்டியைச் சூப்பும். அப்போதே கொடுத்தால் மார்பை ஒழுங்காகக் கவ்வும். வீறிடும்வரை விட்டால் கவ்வத் தெரியாமல் தடுமாறும், காம்பு புண்ணாகும். "போதும்" என்பதற்கும் அதனிடம் பாஷை உண்டு: விரல்களை விரிக்கும், முகத்தைத் திருப்பும், முதுகை வளைக்கும். பார்க்க வந்த சனம் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சும்போது அதை ஆர் கவனிக்கிறார்கள்?

மேலோடு மேல் படப் பிள்ளையை அணைப்பது எளிது. ஆனால் பிழையாகச் செய்தால் ஆபத்து. பிள்ளைக்கு நப்பி மட்டும் போதும். பெரியவர் வெறும் மார்போடு கதிரையில் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். பிள்ளையை நிமிர்த்தி நெஞ்சில் வைத்து, கால்களைத் தவளைபோல் மடித்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, முதுகைத் துணியால் மூடுங்கள். பிள்ளையின் நாடி அதன் சொந்த நெஞ்சில் முட்டக்கூடாது, முட்டினால் சுவாசப்பாதை மடங்கிவிடும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலமாவது வைத்திருங்கள். அதற்குள் எடுத்தால் பிள்ளையின் நித்திரை குழம்பும். வைத்திருப்பவருக்கு நித்திரை வந்தால் பிள்ளையை வேறொருவரிடம் கொடுத்துவிடவேண்டும். சித்திரை வெயிலில் தொப்பியும் தடித்த துவாயும் வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள்.

தடவுவதிலும் வேகம் முக்கியம். இதமான வருடலை உணரும் நரம்பிழைகள் செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்துக்கே நன்றாகப் பதிலளிக்கும். பிடரியிலிருந்து இடுப்புவரை கையைக் கொண்டுவர நாலைந்து செக்கன் எடுக்கட்டும். (காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது மூக்கை இழுப்பதும் மூக்குக்குள் எண்ணெய் விடுவதும் இதில் சேராது. எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் நியூமோனியா வரும்.)

பிறக்கும்போது நிறை 2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மேலோடு மேல் படும் இந்த அணைப்பு வெறும் கொஞ்சலல்ல, சிகிச்சை. நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் என்பது 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு. சிசேரியன் காயத்தோடு கிடக்கும் தாயால் அது தனியே முடியுமா? தகப்பனின் நெஞ்சிலும் அதே சூடு உண்டு. கிளினிக்குக்கு வரும் தகப்பன்மாரை வெளியே மோட்டார் சைக்கிளில் குந்தியிருக்க விடாமல் உள்ளே கூப்பிட்டு, குடும்பநல உத்தியோகத்தர்கள் ஒருதரம் செய்துகாட்டினால் நல்லது.

தாய்சேய் நலத்தில் அக்கறையுள்ள வாசகர்கள்,
கொக்குவில்.