பள்ளிச் சுற்றுலா ரயிலிலும் படகிலும் அமையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே எங்கள் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துப் பள்ளிகள் பலவும் சுற்றுலாப் பேருந்துக்கு முன்பணம் கொடுத்துவிடுகின்றன. ஓர் இரவு பேருந்தில், பகல் முழுவதும் கேளிக்கைப் பூங்காவில், மறு இரவும் பேருந்தில் என்று முடிந்துபோகும் அந்தப் பயணத்தில் பிள்ளைகள் எதையும் நின்று பார்ப்பதில்லை. கால் நீட்டிப் படுப்பதும் இல்லை. கோபிக்கு அருகில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் பணியாற்றும் நான், சென்ற தை மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரை உடன்பணியாற்றும் மூவரோடு சேர்ந்து ரயிலிலும் படகிலும் வைக்கத்துக்கு அழைத்துச் சென்றுவந்தேன். பிற பள்ளிகளும் இவ்வாறு செல்ல வேண்டும் என்ற விருப்பத்தாலும், செல்லவிடாமல் தடுப்பவை எவை என்று கண்டறிந்ததாலும் இதை எழுதுகிறேன்.

கோபியில் ரயில் நிலையம் கிடையாது. ஈரோட்டுக்குப் பேருந்தில் போய், பின்னிரவில் ஆலப்புழை செல்லும் ரயிலுக்காக நடைமேடையில் காத்திருந்தபோதுதான், எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பாலக்காட்டில் விடிந்தது. ஆனி, ஆடியில் நம் தோட்டத்துத் தென்னைகளை உலுக்கும் காற்று எந்த வழியாக வருகிறது என்று வகுப்பில் பலமுறை படம் வரைந்து காட்டியிருக்கிறேன். மலைகள் விலகி வழிவிடும் கணவாயைச் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்த பின்னர் அதற்குப் படம் தேவைப்படவில்லை.

சேர்த்தலையில் இறங்கிப் பேருந்தில் தவணக்கடவு சென்றால், வேம்பநாட்டு ஏரியைக் கடந்து வைக்கம் செல்ல கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு கிடைக்கும். 2017 ஜனவரியில் நாட்டிலேயே முதன்முதலாகச் சூரிய ஒளியில் இயங்கும் பயணிகள் படகு விடப்பட்டது இந்தத் துறையில்தான். 75 பேர் ஏறக்கூடிய அந்த 'ஆதித்யா' படகில் டீசல் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் குரலை உயர்த்தாமலே விடை சொல்ல முடிந்தது. காவிரியில் நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் இடையே ஓடும் விசைப்படகையே பெரிதென்று எண்ணியிருந்த பிள்ளைகள், அக்கரை எங்கே என்று தேட வேண்டியிருக்கும் நீர்ப்பரப்பை அன்றுதான் கண்டார்கள்.

வைக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடப்பதற்கு இருந்த தடையை எதிர்த்து 1924 மார்ச் 30-ல் போராட்டம் தொடங்கியது. அதன் தலைவர்கள் கைதானதும் ஈரோட்டிலிருந்து சென்று அதைத் தொடர்ந்து நடத்தியவர் பெரியார். இருமுறை சிறை சென்றார். அவருடைய துணைவி நாகம்மையாரும் அங்கே போராடினார். புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12-ல் திறக்கப்பட்ட பெரியார் நினைவகத்தைப் பார்த்துவிட்டு அதே தெருக்களில் நடந்தபோது, எப்போதும் பேசிக்கொண்டே வரும் பிள்ளைகள் சிறிது நேரம் பேசாமல் வந்தார்கள்.

இரண்டு இரவுகளும் எர்ணாகுளத்தில் ஓர் இளைஞர் விடுதியில் தங்கினோம். அடுக்குக் கட்டில்; பொதுக் கூடம்; அவரவர் துப்பட்டியை அவரவரே மடிக்க வேண்டும், சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். வசதி குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்காத பையன்கள் வரிசையில் நின்று பாத்திரம் தேய்த்ததை அவர்களுடைய அம்மாக்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தகைய விடுதிகளின் தொடக்கமே ஓர் ஆசிரியரிடம்தான் இருக்கிறது. 1909-ல் ரிச்சர்டு ஷிர்மன் என்ற ஜெர்மானிய ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் சென்றபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலின்மேல் கழித்த இரவில் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. 1912-ல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் முதல் நிலையான விடுதி அமைந்தது.

இனி, பட்ட சிரமத்தைச் சொல்கிறேன். கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு வரை குறையும். ஆனால் அதைப் பெறுவதற்குள் நான் ஒரு முன்பதிவு மையத்துக்கு மூன்று முறை அலைந்தேன். ஒருமுறை முத்திரை தெளிவில்லை என்றார்கள். இன்னொருமுறை குழுவுக்கு முன்அனுமதி வேண்டும் என்றார்கள். ஒரு படிவத்தில் ஆறு பேர் மட்டுமே என்பதால் 40 பேருக்கு ஏழு படிவங்கள் எழுதியும், கடைசியில் நான்கு பெட்டிகளில் சிதறித்தான் இடம் கிடைத்தது. பெண் பிள்ளைகளை மூன்று பெட்டிகளில் விட்டுவிட்டு எந்த ஆசிரியையால் உறங்க முடியும்? பள்ளிக் குழுவுக்கு ஒரே பெட்டியில் இடம் தருவதை ரயில்வே நிர்வாகம் விதியாகவே ஆக்க வேண்டும்.

கல்வித் துறைக்கும் ஒரு வேண்டுகோள். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. கார்த்திகை, மார்கழியில் கேரள ரயில்கள் ஐயப்ப பக்தர்களால் நிறைந்துவிடும் என்பதால் நாங்கள் மகரவிளக்கு முடியும்வரை காத்திருந்தோம். அப்போதும், முன்பதிவு தொடங்கிய பிறகே அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததால் நல்ல இடங்கள் போய்விட்டன. சுற்றுலா அனுமதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே, ஜூன் மாதத்தில் வழங்கிவிட்டால் இந்தத் தொல்லை இராது.

வைக்கத்தில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த அவ்வூர் ஆசிரியர் ஒருவர், ஈரோட்டிலுள்ள பெரியார்–அண்ணா நினைவகத்துக்குத் தம் பிள்ளைகளை அழைத்துவர விரும்புவதாகவும், அங்கே மாணவர்கள் குறைந்த செலவில் எங்கே தங்கலாம் என்றும் கேட்டார். கல்யாண மண்டபத்தைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மாநில அரசு நிலம் கொடுத்தால் மத்திய அரசு இளைஞர் விடுதி கட்டித்தரும் திட்டத்தின்கீழ்தான் நாட்டில் பல ஊர்களில் இவ்விடுதிகள் எழுந்தன. ஈரோடு சந்திப்பிலிருந்து நடந்துபோகும் தொலைவில் நூறு பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றை அமைக்க மாவட்ட நிர்வாகமும் எங்கள் மக்கள் பிரதிநிதிகளும் முயற்சி எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அமையும் நாளில் வைக்கத்து ஆசிரியருக்கு நானே கடிதம் எழுதுவேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.