மெயின்ஃப்ரேமில் ரெக்ஸா, பைத்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் அமர்ந்து, அயல்நாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மெயின்ஃப்ரேம் (பெருங்கணினி) வேலை பார்ப்பவர்களில் நானும் ஒருவன். புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இங்கே கோபோல் நிரல்மொழி, கணினிக்கு வேலைகளை ஒப்படைக்கும் ஜேசிஎல், டிபி2 தரவுத்தளம், பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் ஆகியவற்றை முறையாகக் கற்றுத் தருகிறார்கள். சிறு வேலைகளைத் தானியக்கமாக்கும் ஸ்கிரிப்ட் மொழி என்று வந்தால் மட்டும், "கல்லூரியிலேயே பைத்தான் படித்துவிட்டார்களே, அதுவே போதும்" என்று சொல்லி ரெக்ஸ் மொழியைப் பாடத்திட்டத்திலிருந்து கழற்றிவிடும் போக்கு பெருகி வருகிறது. இது சரியான முடிவல்ல என்பது என் கருத்து.

ரெக்ஸ் மொழியை ஐபிஎம் நிறுவனத்தின் பிரிட்டன் பொறியாளர் மைக் கௌலிஷா 1979-இல் உருவாக்கத் தொடங்கினார். இன்று அது மெயின்ஃப்ரேமின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் நாம் கட்டளைகள் கொடுக்கும் டிஎஸ்ஓ சூழலோடு சேர்ந்தே வருவதால், தனியாக நிறுவ வேண்டியதில்லை. சிஸ்டம்ஸ் குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. நம் அன்றாட வேலை நடப்பது, கோப்புகளைத் திறந்து திருத்த உதவும் ஐஎஸ்பிஎஃப் திரைகளில். ஒரு நிரல் நூலகத்தில் உள்ள நூற்றுக்கணக்கான ஜேசிஎல் மெம்பர்களில் (தனித்தனி உறுப்புகளில்) பழைய டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் கோப்பு) பெயரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சில வரிகளில் எழுதிய ஒரு ரெக்ஸ் நிரல் ஒவ்வொரு மெம்பராகத் திறக்க, அது அழைக்கும் எடிட் மேக்ரோ (எடிட்டருக்குள் ஓடும் குறுநிரல்), நாம் கையால் கொடுக்கும் அதே எடிட்டர் கட்டளைகளைத் தானே கொடுத்து, திருத்தி, சேமித்து முடித்துவிடும். பைத்தான் நிரல் ஐஎஸ்பிஎஃப் எடிட்டருக்குள் இப்படி மேக்ரோவாக ஓடாது. இசட்/ஓஎஸ்ஸின் யுனிக்ஸ் பகுதியிலிருந்து, தனியே நிறுவிய கருவிகளின் துணையோடுதான் அது டேட்டாசெட்டுகளை அணுகுகிறது.

இதைவிட முக்கியமானது தரவின் வடிவம். மெயின்ஃப்ரேம் கோப்புகள் பெரும்பாலும் ஈபிசிடிக் எனும் எழுத்துக் குறியீட்டில் இருப்பதால், பைத்தானில் படிக்குமுன் அவற்றை மொத்தமாக, மற்றக் கணினிகள் பயன்படுத்தும் ஆஸ்கி வகைக் குறியீட்டுக்கு மாற்றிவிடுவது புதியவர்களின் வழக்கம். பெயர், முகவரி போன்ற எழுத்துப் புலங்களுக்கு அது பொருந்தும். ஆனால் அதே பதிவில், ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக எண்ணை அடைத்துவைக்கும் கோபோலின் காம்ப்-3 புலம் ஒன்று இருந்தால் கதையே வேறு. 123.45 என்ற தொகை அங்கே மூன்று பைட்டில், பதினாறடிமான (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரையிலான) எண்களில் 12, 34, 5சி என்று அடைபட்டிருக்கும். கடைசி அரை பைட்டில் உள்ள 'சி' கூட்டல் குறி. இதை எழுத்தென்று எண்ணி மாற்றும் நிரல், 12-ஐ அப்படியே விட்டு, 34-ஐ 94 ஆக்கி, ஈபிசிடிக்கில் நட்சத்திரக் குறியான 5சி-யை 2ஏ ஆக்கிவிடும். 'ஏ'-யும் செல்லுபடியாகும் கூட்டல் குறிதான் என்பதால், கணக்கில் இப்போது 129.42 நிற்கும். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. ரெக்ஸில், கோப்பைப் படிக்கும் எக்செக்ஐஓ கட்டளை பதிவை உள்ளபடியே தருகிறது. சி2எக்ஸ் செயற்கூறால் அதைப் பதினாறடிமான எண்களாக விரித்து, கடைசிக் குறி கூட்டலா கழித்தலா என்று பார்த்து நீக்கி, புள்ளியை உரிய இடத்தில் வைத்தால் தொகை கிடைத்துவிடும். பைத்தானிலும் பைட்டுகளாகவே படித்தால் இது முடியும். ஆனால் அப்படிப் படிக்க வேண்டும் என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ரெக்ஸிலும் கண்ணிகள் உண்டு. இயல்பாக அது ஒன்பது இலக்கத் துல்லியத்தில்தான் கணக்கிடும். நியூமெரிக் டிஜிட்ஸ் கட்டளையால் அதை உயர்த்தாவிட்டால், பத்து இலக்கத் தொகைகளைக் கூட்டும்போது கடைசி இலக்கம் தேய்ந்து, விடை அடுக்குக்குறி வடிவில் (1.23456789E+9 போல) வந்து விழும். மதிப்புத் தராத மாறி தன் பெயரையே மதிப்பாகக் கொள்ளும் வழக்கத்தால், ஓர் எழுத்துப் பிழைகூட நெடுநாள் கண்ணில் படாமல் கிடக்கும்.

பைத்தான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணையச் சேவைகள் பரிமாறும் ஜேசன் வடிவத் தரவைப் படிப்பதற்கும், வெளிச் சேவையகங்களோடு பேசுவதற்கும், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தோடு இணைந்த சோதனைகளை ஓட்டுவதற்கும் ரெக்ஸை இழுத்து வளைப்பது வீண் வேலை. ஐபிஎம் வழங்கும் பைத்தானின் வேலையில் ஒரு பகுதியைச் மெயின்ஃப்ரேமில் உள்ள, செலவு குறைந்த ஜிப் (zIIP) எனும் தனிவகைச் செயலிகளுக்கு மாற்றவும் முடிகிறது. ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரெக்ஸ் நிரல்களைப் புதுமை கருதி மட்டுமே பைத்தானில் திருப்பி எழுதச் சொல்லும் மேலாளர்கள், அதனால் வாடிக்கையாளருக்கு என்ன மிச்சம் என்பதையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

பயிற்சித் திட்டம் வகுப்போர் ஜேசிஎல் பாடத்தை அடுத்து ரெக்ஸுக்குச் சில நாட்களாவது ஒதுக்க வேண்டும். பைத்தான் தெரிந்து வருபவர்களுக்கு, காம்ப்-3 புலங்கள் கொண்ட ஒரு கோப்பைக் பதிவின் புல அமைப்பைச் சொல்லும் கோபோல் காப்பிபுக்கின் துணையோடு பைட் பைட்டாகப் பிரித்துப் படிக்கும் பயிற்சியையும் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
மெயின்ஃப்ரேம் நிரலாளர் ஒருவர்,
சென்னை.