மதிப்பெண்களை இன்றே அனுப்பிவிடு

அன்பு மகளுக்கு,

உன்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கும் சட்டக் கல்லூரிக்கு இந்த செமஸ்டர் மதிப்பெண்களை அனுப்பலாமா என்று கேட்டு நேற்றிரவு போனில் நீ அழுததிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. "அந்த ஒரு பி மட்டும் வராமல் இருந்திருந்தால் உடனே அனுப்பியிருப்பேன் அம்மா" என்றாய். நான்கு ஏ வாங்கியவளுக்கு அந்த ஒரு பிதான் கண்ணை உறுத்துகிறது.

மளிகை ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் வரை முடித்த பாடங்களின் 105 கிரெடிட்டுக்கு உன் ஜி.பி.ஏ., அதாவது நான்குக்கு உன் சராசரி மதிப்பெண், 3.58. இந்த செமஸ்டரின் 15 கிரெடிட்டைச் சேர்த்தால், அந்த பியோடும் சேர்த்து, 3.61. ஐந்துமே ஏ வந்திருந்தால் 3.63. இந்த 0.02-க்காகவா கண்ணம்மா இத்தனை அழுகை?

சென்ற ஆண்டு அந்தச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஜி.பி.ஏ. 3.60 என்று நீதான் சொன்னாய். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி கல்லூரிகள் அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். அதனால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஆள் எடுக்கும்போதும் அவர்களின் கண் அதன் மேல் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த நீ இப்போது மேலே வந்திருக்கிறாய். நீ சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நல்ல நான்கை மட்டும் மெயிலில் எழுதலாமா என்று கேட்டாய். வேண்டாம். பதினொரு ஆண்டுகளாகக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் சொல்கிறேன், எல்லா மதிப்பெண்களும் உள்ள சான்றான டிரான்ஸ்கிரிப்ட் முழுதாகத்தான் போகும். நீ விட்டது அதில் இருக்கும். பிறகு அந்த மதிப்பெண்ணைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள், அதை ஏன் மறைத்தாய் என்றுதான் யோசிப்பார்கள்.

கல்லூரிக்கு நேராக அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாதே. சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைத் தொகுத்து அனுப்பும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்புக்கு உன் பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்டை அனுப்ப வேண்டும். அவர்கள் ஜி.பி.ஏ.யைத் தங்கள் முறையில் கணக்கிட்டு, புதிய அறிக்கையைக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும் பக்கத்தில் எப்போது அனுப்புவது என்று ஒரு கேள்வி வரும். உடனே, மதிப்பெண் பதிவானதும், பட்டம் பதிவானதும் என்று அங்கே இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடு. பிள்ளைகள் பலர் மூன்றாவதை அழுத்திவிட்டு, ஏன் போகவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். உன் ஐந்து மதிப்பெண்ணும் ஏறிவிட்டனவா என்று பார்த்துவிட்டு 'உடனே' என்பதை அழுத்து. பட்டம் பதிவானதும் இன்னொரு முறை அனுப்பிக்கொள்ளலாம்.

கணக்கில் பாக்கி ஏதும் நிற்கிறதா என்றும் பார். போன வருடம் ஒரு பையன் என் எதிரே நின்றான். நூலகத்துக்குத் தர வேண்டிய பதினெட்டு டாலர் அபராதத்தால் அவனுடைய டிரான்ஸ்கிரிப்ட் மூன்று வாரம் நகரவில்லை. அவன் முகம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அதோடு ஒரு சின்னக் கடிதமும் எழுது. ஆனால் அதற்கு முன்னால், பட்டியலில் வைத்ததாக அவர்கள் அனுப்பிய கடிதத்தை மறுபடி படி. புதிய ஆவணங்களை ஏற்பார்களா, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்று அதிலேயே இருக்கும். செமஸ்டர் முடிந்தது, ஜி.பி.ஏ. இவ்வளவு, இங்கே சேர விருப்பம் மாறவில்லை என்று ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடு. இரண்டாம் ஆண்டில் பாட்டி போனபோது மதிப்பெண் குறைந்ததை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டாய். மறுபடி வேண்டாம். வாரம் ஒரு மெயில் போட்டு நச்சரிக்கவும் வேண்டாம்.

முன்பணம் கட்டி வைத்திருக்கும் இன்னொரு கல்லூரியின் இடத்தை மட்டும் விட்டுவிடாதே. பட்டியல் ஆகஸ்ட் வரைகூட நகரும், நகராமலும் போகும். அந்த இடம் உன் கையில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

சனிக்கிழமை உன் அறையைக் காலி செய்ய அப்பா வேனோடு வருகிறார். நூலகப் புத்தகங்களைத் தவறிப்போய்ப் பெட்டியில் போட்டுவிடாதே, அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா