‘நீதானே அனுப்பினாய்?’ என்று கேட்காதீர்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வழக்காடும் நம் தமிழ் வழக்கறிஞர்களுக்கு, வணக்கம்.

நான் சட்டம் படித்தவள் இல்லை, பட்டர்வொர்த்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பெண், 23 வயது, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள், போன வருடம் கடை மூடும் நேரத்தில் வந்தாள். கைப்பேசியை ஜாக்கெட் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பழகி விலகிப்போனவன் அவளுடைய அந்தரங்கப் படங்களை நண்பர்களின் வாட்சாப் குழுவில் போட்டிருக்கிறான், அது கைமாறிக் கைமாறி அவளுடைய சித்தப்பா மகனிடமே வந்து சேர்ந்துவிட்டது.

போலீஸ் புகார் கொடுத்தோம். அப்புறம் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் யார் கைப்பேசியைத் தூக்கினாலும் இவள் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவர் கேட்ட முதல் கேள்வி, “படத்தை நீதானேம்மா அனுப்பினாய்?” அடுத்தது, “புகார் கொடுத்தாச்சு இல்லையா, போலீஸ் பார்த்துக்கொள்ளும்.” பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரியே அவள் பயந்துபோய் எல்லாச் செய்திகளையும் அழித்துவிட்டாள். அழிக்காதே, அதுதான் உனக்குச் சாட்சி என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் நானே தேடிப் படித்தேன். அந்த அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லைட் ஸ்ட்ரீட்டில் உயர் நீதிமன்றம் இருக்கிறது. மூல நோய்ச் சிகிச்சையின்போது ஒரு பெண்ணின் அந்தரங்க உறுப்பை அவளுடைய அனுமதியில்லாமல் படம் எடுத்த டாக்டரின் வழக்கில், அது அவளுடைய அந்தரங்கத்தில் தலையிட்ட தவறு, அதற்காக அவள் சிவில் வழக்குப் போடலாம் என்று பினாங்கு உயர் நீதிமன்றம்தான் தீர்ப்பு சொன்னது. 2011-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. அதற்கு முன்பே, ரேலா என்ற தன்னார்வலர் படையின் லாரியில் அடைக்கப்பட்ட ஒரு பெண் சிறுநீர் கழிக்கும்போது படம் எடுத்தவனுக்கு எதிராக 1 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு தீர்ப்பாகியிருக்கிறது. எடுத்ததற்கே இவ்வளவு என்றால், ஊருக்கே அனுப்பினவனை ஏன் சும்மா விடுகிறோம்? அவள் அனுப்பியது ஒருவனை நம்பி. அவன் அதை நாலு பேருக்குக் கொடுத்தால் அது நம்பிக்கை மீறல், அதற்கும் வழக்குப் போடலாம். அனுப்பினது அவள்தான் என்பதால் அவளுடைய உரிமை போய்விடாது.

போலீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் நடக்கட்டும். ஆனால் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில், ஆபாசமானதை இணையத்தில் அனுப்பும் குற்றத்துக்கு, அபராதத்தை 2025-இல் 5 லட்சம் வெள்ளி வரைக்கும் உயர்த்தினார்களே, அந்தப் பணம் அரசாங்கத்துக்குத்தான் போகும். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு காசு வராது. சிவில் வழக்கில்தான் அவள் தன் இழப்பைக் கேட்க முடியும். அவசரமென்றால் எதிராளிக்குச் சொல்லாமலே இடைக்காலத் தடை கேட்கலாம், அது 21 நாள் நிற்கும். போலிக் கணக்கு என்று கை விரிக்காதீர்கள், கணக்கு யாருடையது என்ற விவரத்தைக் கொடு என்று அந்தச் செயலி நிறுவனத்துக்கு உத்தரவு வாங்கவும் வழி இருக்கிறது. அவளே எடுத்த செல்ஃபி என்றால் பதிப்புரிமை அவளுடையது. பதிப்புரிமைச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தால் சேவை நிறுவனம் 48 மணி நேரத்தில் அதை எடுக்க வேண்டும். இதை ஒரு தையல்காரி தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா, சொல்லுங்கள்.

2022-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புச் சட்டத்தின்படி ஒரு தீர்ப்பாயமும் இருக்கிறது. 2,50,000 வெள்ளி வரைக்கும் இழப்பீடு, மூடிய அறையில் விசாரணை. அங்கே பொதுவாக வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் உங்களுக்கு வருமானம் இல்லைதான், ஆனால் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாமே.

அவள் உண்மையில் பயப்படுவது பெயருக்கு. வழக்குப் போட்டால் பேர் வெளியே வருமே அக்கா, படம் பார்க்காதவன்கூடத் தேடிப் பார்ப்பானே என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? விசாரணையை மூடிய அறையில் நடத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வழக்கு போடும் அன்றைக்கே அதைக் கேளுங்கள், பெயருக்குப் பதில் முதலெழுத்துப் போடவும் கேளுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் அது வழக்கமாகும். இப்படிப்பட்ட பெண்ணின் பெயர் எந்த வழக்கிலும் வெளிவராது என்று சட்டமே சொல்ல வேண்டும். அதை மேலே கொண்டுபோகக்கூடியவர்கள் நீங்கள், நான் இல்லை.

வழக்குப் போட ஆறு வருடம் அவகாசம் என்று படித்தேன். அப்படியென்றால் அவளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அவளுடைய சித்தப்பா மகன் கைப்பேசியில் வந்த செய்தி தேதியோடு, எண்ணோடு அப்படியே இருக்கிறது, அழிக்காதே என்று அவனிடம் சொல்லிவிட்டேன். புகாரின் நகல் என் கடை அலமாரியில், அளவு நோட்டுக்குக் கீழே இருக்கிறது. உங்களில் ஒருவர் வா என்று சொன்னால் அடுத்த ஃபெரியில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.