பெரிய மோட்டார் வாங்காத கதை

வேதாளை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. பணம் வந்தது. ஆனால் நீ சொன்ன 2 ஹெச்பி மோட்டாரை வாங்கவில்லை. கோபப்படாமல் காரணத்தைக் கேள்.

போர்வெல்லில் தண்ணீர் 38 அடிக்கு இறங்கிவிட்டது. தரைமேல் உட்கார்ந்திருக்கிற சாதா மோட்டார் 20 ஹெச்பி ஆனாலும் அதை எடுக்காது. மெக்கானிக் "இழுவை பத்தல சார்" என்றார். முப்பது வருடம் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லையப்பா. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளிக்காற்றுதான் தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. அதன் பலம் 34 அடியோடு தீர்ந்தது. நடைமுறையில் 25 அடியே பெரிய காரியம்.

இதே தொல்லை இத்தாலியிலும் இருந்தது. இயற்கை வெற்றிடத்தைப் பொறுக்காது, அதனால்தான் தண்ணீர் ஏறுகிறது என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த நம்பிக்கை. அப்படியானால் 34 அடிக்கு மேலே மட்டும் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? நீர்த்தூண் தன் பாரம் தாங்காமல் கயிறு மாதிரி அறுந்துபோகிறது என்று நினைத்தார் கலிலியோ. அவருக்கே சறுக்கிய இடம்! 1643-ல் அவர் சீடர் டோரிசெல்லி, தண்ணீரைவிடப் பல மடங்கு கனமான பாதரசத்தைப் பிடித்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் அதை நிரப்பி, பாதரசக் கிண்ணத்திலேயே கவிழ்த்தார். தூண் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே காற்று இல்லை, மிகச் சொற்பமான பாதரச ஆவியைத் தவிர ஒன்றுமே இல்லை. மறு வருடம் ஒரு கடிதத்தில், நாம் காற்றுக்கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று எழுதினார்.

உன் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். சங்கு குளிக்க ஐந்தரை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) இறங்கினால் காது குடையும், நெஞ்சு பாதியாக ஒடுங்கும் என்பார். அந்த ஐந்தரை பாகக் கடல்நீரின் பாரமும், நம் தலைக்கு மேலிருக்கிற மொத்தக் காற்றின் பாரமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

1948-ல் காசிமிர் என்ற டச்சு இயற்பியலாளர் இன்னொரு கணக்குப் போட்டார். வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக நெருக்கி வைத்தால் அவை ஒன்றையொன்று நெருங்கும். அதையும் வெளியிலிருந்து தள்ளுவதாகவே சிலர் விளக்குகிறார்கள். பார்த்தாயா, அங்கேயும் தள்ளல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சப்மெர்சிபிள் வாங்கி 60 அடியில் இறக்கியாயிற்று. தண்ணீருக்குள் இருந்தே தள்ளுவதால் 34 அடிக் கணக்கு அதற்குக் கிடையாது. தண்ணீர் கொஞ்சம் உப்புதான், அம்மா பருப்பு வேகவில்லை என்று முணுமுணுக்கிறாள். பழைய மோட்டாரைத் துடைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறினால் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

அப்பா