பாப்பாவுக்கு மறுபடி யூரின் இன்ஃபெக்ஷன்

டேய் செந்திலு,

ஓசூருக்குத்தான் மாத்தல்னு முடிவாயிடுச்சா, பரவால்லடா, வெயிலுக்காவது தப்பிச்ச. பாப்பா எப்படி இருக்கா, இன்ஃபெக்ஷன் டயப்பராலதான் வருதான்னு கேட்டிருந்த. இப்ப நல்லா இருக்கா, ஒன்பது மாசம் முடிஞ்சிருச்சு, தவழ்ந்து போய் வாசல்ல கிடக்குற செருப்பை எடுத்து வாயில வைக்கிறா. ஆனா நாலாம் மாசம் வந்த அதே யூரின் இன்ஃபெக்ஷன் ஏழாம் மாசம் திரும்ப வந்துச்சு, சளி இல்ல இருமல் இல்ல, வெறும் ஜுரம்தான், 103 வரைக்கும் போச்சு.

உன்னை மாதிரியேதான் வீட்லயும் எல்லாரும் டயப்பர் டயப்பர்னு அதையே புடிச்சுக்கிட்டாங்க. டாக்டர் முழுசா ஒத்துக்கல. ஆய்ல இருக்குற ஈ.கோலை கிருமிதான் பெரும்பாலும் காரணம், அதனால டயப்பரை ஊறவிடாம மாத்துங்க, பொம்பளப்புள்ளைக்கு முன்னாலருந்து பின்னால துடைங்க, தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, எல்லாம் சரி, ஆனா திரும்ப வந்தா உள்ள என்னன்னு பாத்துடணும்னாரு. வயித்து ஸ்கேன் எடுத்துட்டு அப்புறம் எம்சியூன்னு ஒரு டெஸ்ட், மூத்திரப்பைக்குள்ள சின்ன டியூப்ல மருந்து விட்டு குழந்தை ஒண்ணுக்கு போறப்ப எக்ஸ்ரே எடுப்பாங்க, அவ அழுத அழுகைக்கு நான் வெளிய போய் நின்னுட்டேன், அவதான் (என் வீட்டுக்காரிய சொல்றேன்) கூட இருந்தா.

ரிஃப்ளக்ஸ்னு வந்துச்சு, அஞ்சு கிரேடுல 3. மூத்திரம் திரும்ப கிட்னி பக்கம் ஏறுது. கிட்னிலருந்து வர்ற குழாய் பைக்குள்ள சாய்வா நுழையுமாம், பை நிறையும்போது அந்த இடம் அமுங்கி தானா மூடிக்கணும், இவளுக்கு நுழையற நீளம் பத்தல. வளர வளர நிறைய பிள்ளைங்களுக்கு தானா சரியாயிடுமாம்.

அதுவரைக்கும் தினம் ராத்திரி கோட்ரைமாக்சசோல் சிரப், ரொம்ப குறைஞ்ச டோஸ், எடையைப் பாத்து டாக்டர் எழுதிக் குடுத்தது. பச்சப்புள்ளைக்கு தினமும் ஆன்டிபயாடிக்கான்னு நான் மல்லுக்கு நின்னேன். அவரு கோவப்படல, அமெரிக்காவுல 2014ல வந்த ரிவர்னு ஒரு ஆராய்ச்சிய சொன்னாரு, ரிஃப்ளக்ஸ் இருக்குற 607 பிள்ளைங்க, பாதிப்பேருக்கு இந்த மருந்து மீதிப்பேருக்கு சும்மா டம்மி, 2 வருஷம் பாத்ததுல மருந்து குடிச்சவங்களுக்கு திரும்ப வர்றது ஏறக்குறைய பாதியா குறைஞ்சிருக்கு. ஆனா கிட்னில விழுற தழும்பு ரெண்டு குரூப்புக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், மருந்து குடிச்சவங்கள்ல 11.9 சதவீதம், டம்மி குடிச்சவங்கள்ல 10.2 சதவீதம். மருந்தையும் மீறி வந்தவங்களுக்கு இருந்த ஈ.கோலைல 63 சதவீதம் அந்த மருந்துக்கே அடங்கலையாம். குடுக்கலாம், குடுக்காமலும் கவனமா பாத்துக்கலாம், நீங்க ரெண்டு பேரும் பேசி சொல்லுங்கன்னாரு. நாங்க இப்போதைக்கு குடுக்குறோம்.

எனக்கு என்ன தோணுதுன்னா, சிரப்பை விட முக்கியம் ஜுரம் வந்த அன்னைக்கே யூரின் பாக்குறதுதான்டா. லேட்டாக லேட்டாகத்தான் கிட்னில தழும்பு விழுது, ரெண்டு மூணு நாள் பாராசிட்டமால் ஊத்திட்டு பல் முளைக்குதுன்னு உக்காந்திருந்தா போச்சு. அதுலயும் ஒட்டுற பையில புடிச்ச யூரினை வச்சு கல்ச்சர் (எந்த கிருமி வளருதுன்னு பாக்குற டெஸ்ட்) போட்டா தோல்ல இருக்குற கிருமியும் சேந்து வந்து குழப்பும், டியூப் போட்டோ, நேரா டப்பால புடிச்சோ குடுக்கணும், அதுவும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ரெண்டாவது தடவை ஒரு நர்ஸக்கா ஜில்லுனு சலைன்ல நனைச்ச பஞ்சை அடிவயித்துல தேச்சுக்கிட்டே டப்பாவ புடிச்சாங்க, கொஞ்ச நேரத்துலயே போயிட்டா, எங்கம்மா வாயைப் பொளந்துட்டாங்க.

இன்னொண்ணு மலச்சிக்கல். சோறு ஆரம்பிச்சதும் இவளுக்கு இறுகிப்போச்சு, உள்ள கெட்டியா அடைச்சா மூத்திரப்பைய அமுக்கும், யூரின் முழுசா போகாம தங்கிரும். இப்ப பருப்புத்தண்ணி, பப்பாளி, சோத்துல கொஞ்சம் நெய்யின்னு ஓடுது.

உன் பையனை உங்க அத்தைதான் குளிப்பாட்டுறாங்கன்னு சொன்னல்ல, எண்ணெய் தேய்ச்சு சுன்னித்தோலை பின்னால தள்ளச் சொல்லாத, அந்த வயசுல ஒட்டித்தான் இருக்கும், இழுத்தா கிழிஞ்சு புண்ணாகும், வெளிய தண்ணி ஊத்துனா போதும். ஒண்ணுக்கு நல்லா பீச்சி அடிக்கிறானா இல்ல சொட்டு சொட்டா வருதான்னு மட்டும் ஒருநாள் நின்னு பாரு, சொட்டுனா உடனே காட்டு.

பொங்கலுக்கு வர்றதா இருந்தா டிக்கெட் இப்பவே போட்ரு, அப்புறம் தட்கால்ல நின்னு என்னைத் திட்டாத.

உன்,
முருகேசன்